ஒட்டாத துண்டுகள்

பொய் எழுதுவதற்கு ரொம்பத் தைரியம் வேண்டும் என்று நினைப்பவர்கள் எழுதிப் பார்க்காதவர்கள். எனக்கு ஒரு பென்சில் போதுமாக இருந்தது. அதுவும் பாதி தேய்ந்த பென்சில்.

1939-ல் சைதாப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய பருத்திக் கிடங்கில் எங்கள் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. ஆராய்ச்சிக் கூடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை. மழை பெய்தால் நான்கு இடத்தில் வாளி வைக்க வேண்டும். மரத்துண்டை இழுத்து உடைத்து, எத்தனை பவுண்டில் உடைந்தது என்று காட்டும் இயந்திரம் ஒன்று. அந்த எண்ணைப் பார்த்து எழுதும் சந்திரமௌலி ஒருவன், அதாவது நான். பௌதிகம் படித்தவன், மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வந்து போகிறவன், வேலை இன்னும் நிரந்தரம் ஆகாதவன்.

செப்டம்பரில் சீமையில் சண்டை தொடங்கியது. விமான இறக்கைக்கு வேண்டிய மரமும் பசையும் இனி கப்பலில் வராது, நம் ஊர் மரத்தையும் நம் ஊர்ப் பசையையும் வைத்து இறக்கை செய்ய முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அப்போதெல்லாம் சின்ன விமானங்களுக்கு இறக்கை என்பது மரச்சட்டம்தான், மேலே துணி. சட்டத்தைச் சேர்த்துப் பிடிப்பது பசை. பசை விட்டுப்போனால் மேலே இருப்பவன் கீழே வருவான், அவ்வளவுதான் சாஸ்திரம்.

எங்கள் சூப்பரிண்டெண்டு வேதாந்தம் வெளிநாட்டில் எஞ்சினீரிங் படித்துவிட்டு வந்தவர். கோட்டின் இடது பையில் கணக்குப் போடும் சறுக்குக்கோல் வைத்திருப்பார், வலது பையில் பஞ்சாங்கம். இரண்டையும் ஒரே பக்தியோடு எடுத்துப் பார்ப்பார். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதேமாதிரி வீட்டில் வளர்ந்தவன்தான்.

தலைமைத் தச்சர் ஷாஹுல் ஹமீது. நாற்பத்தைந்து வயதிருக்கும். சைதாப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர், மோட்டார் பஸ்களுக்கு மரக்கூடு கட்டிக்கொண்டிருந்தவரை வேதாந்தம் இழுத்து வந்தார். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை ஐயரே என்பார். எலும்பையும் தோலையும் காய்ச்சிச் செய்யும் வஜ்ரப் பசையை வைத்தே வாழ்நாள் முழுக்க ஒட்டிப் பழகியவர் அவர். நான் அந்தச் சட்டியின் பக்கம்கூடப் போகமாட்டேன். விமானத்துக்கு வேண்டியது பால் பசை என்று தெரிந்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். வெண்ணெய் எடுத்த பாலைத் திரித்து, உலர்த்திப் பொடித்து, சுண்ணாம்போடு தண்ணீரில் கலக்குவது. தாராளமாகத் தொடலாம்.

பால் பசைக்கு ஒரு குணம் உண்டு. கலந்த நிமிஷத்திலிருந்து அது சாகத் தொடங்கும். எத்தனை மணி நேரம் வரை உயிரோடு இருக்கும்? ஆறு மணி நேரம் என்று சீமைப் புத்தகம் சொன்னது. அது சீமைக் குளிர். நம் ஊர்ப் புழுக்கத்தில் எத்தனை மணி நேரம் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. பசையைக் கலக்க வேண்டும். உடனே ஆறு ஜோடித் துண்டுகளை ஒட்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து ஆறு, இரண்டு மணி நேரம் கழித்து ஆறு, இப்படியே ஆறாவது மணி வரை. எல்லாவற்றையும் மூன்று நாள் இறுக்கிக் காயவைத்து, பிறகு உடைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைகூடச் செய்யலாம், பொறுமை இருந்தால்.

நான் அந்தச் சோதனையைச் செய்த நாள் மகாளய அமாவாசை. பாய் மரம் பொறுக்கக் கடற்கரைப் பக்கத்து மரக்கடைக்குப் போயிருந்தார். முந்தின நாளே நாற்பத்திரண்டு ஜோடித் துண்டுகளை அழகாக அறுத்து, இழைத்து, என் மேஜைமேல் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். காலை எட்டு மணிக்குப் பசை கலந்தேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. நான்கு வரிசை ஒட்டியாயிற்று. அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ண வேண்டும், சாஸ்திரிகள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் பட்டினி. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். ஒரு நாள் வேலை, மூன்று நாள் காத்திருப்பு. ஆனால் அட்டவணை அந்த வாரமே வேண்டும் என்று வேதாந்தம் நச்சரித்துக்கொண்டிருந்தார். தர்ப்பணத்துக்காகப் பாதியில் போய்விட்டேன் என்று சொன்னால்கூட அவர் கோபித்திருக்கமாட்டார். என்னைத் தடுத்தது பயமில்லை, சோம்பேறித்தனம். ஒட்டியிருந்த நான்கு வரிசையையும் மூன்று நாள் கழித்து உடைத்துப் பார்த்தேன். மூன்றாம் மணி வரிசையில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தப் போக்கிலேயே ஒரு கோட்டை இழுத்து, நான்காம் மணிக்கு 'நலம்', ஐந்தாம் மணிக்கு 'சுமார்', ஆறாம் மணிக்கு 'கூடாது' என்று போட்டேன். ஒவ்வொரு வரிசையிலும் ஆறு துண்டுகளுக்கும் ஆறு எண்கள். ஆறும் ஒரேமாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதினேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஒட்டாமல் மிஞ்சிய பதினெட்டு ஜோடித் துண்டுகளை என் மேஜை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன்.

அட்டவணைக்கு ஏக வரவேற்பு. பதினோரு பிரதி எடுத்தார்கள். பத்து பிரதிகள் வெவ்வேறு ஊர்களிலிருந்த விமானப் பட்டறைகளுக்குப் போயின. பதினோராவது எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. தீபாவளிக்குள் என் வேலை நிரந்தரமாயிற்று.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. முதல் முழு இறக்கையின் நடுச்சட்டத்தை ஒட்டும் நாள். இறக்கையின் முழு நீளத்துக்கும் ஓடி, மொத்த பாரத்தையும் தாங்குவது அந்தச் சட்டம்தான்.

"ஜும்மா தொழுதுட்டு வந்து ஆரம்பிக்கலாம் சார். ஒரே மூச்சுல முடிச்சிடலாம்," என்றார் பாய்.

வேதாந்தம் வலது பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். "ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா மூணு மணிக்கு எமகண்டம் வந்துடும். பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகு காலம். பத்தரைக்கு முன்னாடி பசையைக் கலந்து ஒரு துண்டு ஒட்டிடும் ஓய். ஆரம்பிச்சாச்சுன்னா அப்புறம் தோஷம் கிடையாது."

பாய் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேகாலுக்குப் பசை கலந்தோம். பசைப் பதிவேடு என்று ஒன்று உண்டு, கலந்த நேரம், தடவிய நேரம் இரண்டையும் அதில் நான் எழுத வேண்டும். அன்றன்றைக்குப் பென்சிலில் எழுதி, நேரம் கிடைக்கும்போது மொத்தமாக மையால் எழுதுவது என் வழக்கம். 10-15 என்று எழுதினேன்.

கீழ்ப் பலகையை ஒட்டி முடித்தார்கள். மேல் பலகை மழையில் கொஞ்சம் உப்பியிருந்தது, சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. அதை மறுபடி இழைத்துச் சரிசெய்வதற்குள் பன்னிரண்டு ஆகிவிட்டது. பாய் மிச்சப் பசையை ஈரத்துணி போட்டு மூடிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

இரண்டு மணிக்குக் கால் மணி இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார். துணியை எடுத்தார். குச்சியால் பசையைத் தூக்கிப் பார்த்தார். விரலில் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் விரித்துப் பார்த்தார்.

"நூல் விடுது ஐயரே. இது சரியில்ல. கொட்டிட்டுப் புதுசா கலக்கட்டா?"

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் என்னவென்று சொல்வேன்? சுவரில் என் அட்டவணை இருக்கிறது, நான்காம் மணி நலம் என்று. என் எண்ணை நானே நம்பவில்லை என்று காட்டிக்கொள்வதா? அதைவிடக் கேவலமான காரணம் ஒன்றும் உண்டு. ஒரு மாதமாக எல்லோரும் அந்த அட்டவணையைப் புகழ்ந்து புகழ்ந்து, அதில் பாதி நான் உண்டாக்கியது என்பதே எனக்கு மறந்துபோக ஆரம்பித்திருந்தது.

"நாலு மணி நேரம் தாங்கும் பாய். இன்னும் அவ்வளவு ஆகலை. சுவத்துல போட்டிருக்கு பாருங்க," என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். "கைக்கு என்னமோ மாதிரி கீது. ஆனா நீங்க ஒடைச்சுப் பாத்ததாச்சே," என்று சொல்லிவிட்டு, சட்டத்தில் பசையைத் தடவ ஆரம்பித்தார்.

பதிவேட்டில் 2-00 என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்துப் பாரச் சோதனை. இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மரக்கால்களின்மேல் வைத்து, மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். பறக்கும்போது வரும் பாரத்தைப்போல ஐந்து மடங்கு தாங்க வேண்டும். இறக்கை எவ்வளவு வளைகிறது என்று பக்கத்தில் நட்டிருந்த அளவுகோலைப் பார்த்து நான் எழுதிக்கொண்டிருந்தேன். பாய் குனிந்து இறக்கைக்கு அடியில் போனார். அப்படிப் போகவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மரம் முனகுவதைக் காதால் கேட்டுக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. வலது கையை மரக்காலுக்கு மேலே, நடுச்சட்டத்தின் அடியில் வைத்திருந்தார்.

மூன்று மடங்கு. மூன்றரை. அடுத்த மூட்டையை வைத்தார்கள்.

பெரிய சத்தமொன்றும் வரவில்லை. ஒரு தாளைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். இறக்கை உட்கார்ந்துவிட்டது. மூட்டைகளை இழுத்துத் தள்ளி அவரை வெளியே எடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிஷமும் அவர் கத்தவில்லை. "மெதுவா, மெதுவா," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இறக்கையைத் தூக்குவது எப்படி என்று எங்களுக்கு அவரே சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் வலது கையின் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின.

நான் அன்று சாயங்காலம் உடைந்த சட்டத்தைப் பார்த்தேன். நல்ல ஒட்டாக இருந்தால் மரம்தான் கிழியும், பசை விடாது. இங்கே மேல் பலகை ஒரு நார்கூடக் கிழியாமல், நனைந்த உறையிலிருந்து தபால்தலை வருவதுபோல முழுசாக வந்திருந்தது. கீழ்ப் பலகை, காலையில் ஒட்டியது, அப்படியே இருந்தது. காலைப் பசை நின்றது, பிற்பகல் பசை விட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பௌதிகம் தேவைப்படவில்லை.

மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மறுநாள் வேதாந்தம் என்னைக் கூப்பிட்டார்.

"பசைதான் விட்டிருக்கு. உம்ம அட்டவணைப்படி நாலு மணி நேரம் வரைக்கும் நன்னா இருக்கணும். அப்ப நாலு மணி நேரம் தாண்டித்தான் தடவியிருக்கணும். ஜும்மாவுக்குப் போனவர் எப்ப வந்தார்? மூணு ஆயிருக்குமோ?"

வாயைத் திறந்தேன். 'இரண்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்' என்று சொல்லத்தான் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"இருக்கலாம் சார். சரியா ஞாபகமில்லை."

"ரிஜிஸ்டர்ல போட்டிருப்பீரே."

"பார்த்துண்டு வரேன்."

என் மேஜைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். 2-00. பென்சில். ரப்பரை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தேன். மூச்சு விட்டு ஊதினேன். திரும்பிப் போய், அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று காட்டினேன். வேதாந்தம் கெட்டவரில்லை. நான் கொடுத்த இடத்தில் எழுதினார், அவ்வளவுதான். அழித்த தடத்துக்குக் கொஞ்சம் மேலே, மையால், 3-00 என்று.

தச்சர் தொழுகைக்காக வேலையைப் பாதியில் விட்டுச் சென்று, தாமதமாகத் திரும்பி, கெட்டுப்போன பசையை உபயோகித்தார் என்று அறிக்கை போயிற்று. தொழுகை என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வந்தது. ராகு காலம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எமகண்டமும் இல்லை. மகாளய அமாவாசையைப் பற்றி யாருக்கும் தெரியவே தெரியாது. பாய் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அவருடைய கருவிப்பெட்டி கூடத்தில் கிடந்தது. புதிதாக வந்த தச்சர் அதில் கைவைக்கப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு சண்டைபோட்டு, பெட்டியைச் சைக்கிளில் கட்டி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யோக்கியன் மாதிரி. சமையலறைக்கு வெளியே அது இரண்டு வாரம் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்தது. தெருவில் பஜனை போகும். ஒரு வெள்ளிக்கிழமை காலை என் மனைவி ஜானு அந்தப் பெட்டியைத் தாண்டி வந்து என் எதிரில் நின்றாள்.

"ஏன்னா, யாரோடதோ பொட்டி. கையில அடிபட்டு ஆத்துல இருக்காரேன்னேள். ஒரு தடவையாவது போய்ப் பார்த்தேளா?"

"போகணும்."

"எப்ப?"

"உனக்கு என்ன அதைப் பத்தி?" என்று கத்தினேன். அவள் என் தட்டில் சாதம் அப்படியே இருந்ததைப் பார்த்தாள். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டுபோய் வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போய் வேலையைப் பார்த்தாள்.

அன்று பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். பதினெட்டு ஜோடித் துண்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது. வாயால் சொல்ல வராது என்று மட்டும் தெரிந்திருந்தது.

பாய் வீடு சைதாப்பேட்டைப் பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சந்துக்குள் இருந்தது. அவருடைய மனைவி ஷாகிரா கதவைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டாள். பாய் சுவரில் சாய்ந்து ஒரு கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் ஒரு பொட்டலம் மாதிரிக் கிடந்தது.

"வாங்க ஐயரே. இன்னாத்துக்கு இதைத் தூக்கிக்கினு வந்தீங்க. யாருக்காச்சும் குடுத்திருக்கலாமே," என்றார்.

நான் உட்கார்ந்தேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இல்லாத விரல்கள்தான் வலிக்கின்றன என்றார். அப்போது பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

"நான் போய்ட்டு அப்புறம் வரேன் பாய். உங்களுக்குத் தொழுகைக்கு நேரமாச்சு."

அவர் அசையவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணு வெள்ளி ஆச்சு," என்றாள் ஷாகிரா கதவோரத்திலிருந்து. "பாங்கு சொன்னா இப்டிதான் செவுத்துல சாஞ்சுக்கினு கீறாரு. போவமாட்டேங்கறாரு."

"இன்னா மூஞ்சை வெச்சிக்கினு போறது?" என்றார் பாய், கண்ணைத் திறக்காமலே. "அன்னிக்குத் தொழுது முடிச்சுட்டு வாசல்ல ரெண்டு பேரோட பேசிக்கினு நின்னேன் ஐயரே. கொஞ்ச நேரம்னுதான் நெனைச்சேன். மூணு மணின்னு எழுதி கீதாம். எங்கிட்ட கடியாரம் இல்ல. அவ்ளோ நேரமா பேசினேன்னு எத்தினி தபா யோசிச்சும் ஞாபகம் வரமாட்டேங்குது. மேல ஒருத்தன் ஏறி இருந்தான்னா செத்திருப்பான். தொழுவப் போன எடத்துல நின்னு வம்பளந்து ஒருத்தனைக் கொல்லப் பாத்திருக்கேன். கை போனது நியாயம்தான்."

நான் செய்ததன் முழு அளவும் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அவருடைய விரலைத்தான் எடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பையைக் கவிழ்த்தேன். பதினெட்டு ஜோடித் துண்டுகளும் கோரைப்பாயின்மேல் விழுந்தன. அவர் கண்ணைத் திறந்தார். இடது கையால் ஒன்றை எடுத்தார். விளிம்பைத் தடவினார், இழைத்த பரப்பைத் தடவினார், மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இது நான் அறுத்ததாச்சே. அட்டவணைக்குன்னு. இதுல பசையே படலியே."

"படலை."

"எந்த வரிசை?"

"நாலு, அஞ்சு, ஆறு. அன்னிக்கு அமாவாசை. தர்ப்பணம் பண்ண நான் பாதியில ஆத்துக்குப் போயிட்டேன் பாய். மிச்சத்தை மனசுல தோணினபடி எழுதினேன்."

அவர் துண்டைக் கீழே வைக்கவில்லை. நான் நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். "நீங்க ரெண்டு மணிக்கு முன்னாடியே வந்துட்டேள். தடவினது ரெண்டு மணி. நான் எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் ரப்பர் போட்டு அழிச்சேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

ஷாகிராதான் முதலில் வாய் திறந்தாள். கதவோரத்திலிருந்து முன்னால் வந்து நின்றாள். "எம் புருசன் மூணு வாரமா அல்லாகிட்ட மாப்பு கேட்டுக்கினு கீறாரு. நீ உன் வீட்ல குந்திக்கினு சோறு துன்னுக்கினு இருந்தியா?"

ஆமாம் என்றேன்.

பாய் அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் காயிதம் எத்தினி எடத்துக்குப் போச்சு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "எந்தக் காகிதம்?"

"அட்டவணை. நம்ம கூடத்துல மட்டுமா கீது?"

"பதினோரு இடம்."

"அங்கெல்லாம் அதைப் பாத்துக்கினு பசை தடவிக்கினு இருப்பானுங்களே."

மூன்று வாரமாக நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, என்னையே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். என் குற்றம், என் பாவம், என் மானம் என்று. அந்தப் பத்து ஊர்களைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கை போனவர் நினைத்தார்.

"ஏன் குந்திக்கினு கீறீங்க?" என்றார். அவர் குரல் உயர்ந்தது அப்போது ஒரு தடவைதான். "தந்தி ஆபீசு பள்ளிவாசலுக்கு எதுத்தாப்பலதான் கீது. எழுந்திரிங்க."

ஷாகிரா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அவர் இடது கையால் முகம் கழுவினார், கால் கழுவினார், கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தொப்பியை அவளே வைத்துவிட்டாள். சந்து முழுக்க நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்தேன். பள்ளிவாசல் வாசலில் அவர் நின்றார்.

"நான் வெளிய வரப்போ தந்தி ரசீதுங்களை நீங்க காட்டணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் தந்தி ஆபீசில் ஒரே வாசகத்தைப் பத்துத் தடவை எழுதினேன். பால் பசை அட்டவணை தவறு. கலந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் உபயோகிக்காதீர்கள். ஒட்டியவற்றைப் பறக்க விடாதீர்கள். நான்கு முதல் ஆறாம் மணி வரையான எண்கள் சோதனை செய்யாமல் என்னால் எழுதப்பட்டவை. சந்திரமௌலி. கடைசி வாக்கியம் இல்லாமலும் அனுப்பலாமே, வார்த்தை குறையுமே என்றார் குமாஸ்தா. பத்துத் தாளிலும் அதை விடாமல் எழுதினேன்.

தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. பாய் நேராக என்னிடம் வந்து இடது கையை நீட்டினார். ரசீதுகளைக் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து மடியில் வைத்து, வலது கையில் மிஞ்சியிருந்த இரண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"பத்துதான் கீது. பதினொண்ணுன்னீங்களே."

"பதினோராவது நம்ம கூடத்துச் சுவர்ல இருக்கு. அதுக்குத் தந்தி வேண்டாம். நானே போய்ச் சொல்லணும்."

"அப்போ நடங்க. நானும் வரேன்."

எனக்குத் துணைக்கு வருகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படியில்லை. நான் பாலத்தருகே சைக்கிளில் ஏறி மயிலாப்பூர்ப் பக்கம் ஓடிவிடுவேனோ என்றுதான் வந்தார். அவர் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. பாலத்தைப் பார்த்தபோது எனக்கும் அந்த எண்ணம் வந்தது.

கூடத்தில் வேதாந்தம் இருந்தார். பாயைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்தேன். என்ன செய்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னேன். அமாவாசை, இழுப்பறை, ரப்பர். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "மேல போன ரிப்போர்ட்டை நான் எப்படி ஓய் திருப்பி வாங்கறது? என் கையெழுத்து இருக்கே. உமக்கு வேலை போயிடும், தெரியுமோல்லியோ?" என்றார். தெரியும் என்றேன். வேதாந்தம் பாயின் கையைப் பார்த்தார். வலது பையில் கையை விட்டு, பஞ்சாங்கத்தை எடுத்து, அதை மேஜைமேல் குப்புற வைத்தார்.

பசைப் பதிவேட்டை எடுத்து அந்த வெள்ளிக்கிழமையின் பக்கத்தைத் திறந்தேன். 3-00 என்று மையில் இருந்தது. அதன் கீழே, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், நான் அழித்த பென்சில் தடம் தெரிந்தது. பாயிடம் காட்டினேன். தாளைக் கண்ணருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு மணி என்பதைத் தானே தன் கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. இனி என் வார்த்தையை யார் நம்புவார்கள்?

நான் 3-00-ஐ அடிக்கப் போனேன். பழக்கதோஷம், கை தானாகச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தது.

ஷாஹுல் ஹமீது கையை நீட்டி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"மையால எழுதுங்க ஐயரே," என்றார்.